கீழாநெல்லி: மரபுப் பயன்பாடும் மருந்தியல் ஆய்வும்

மழைக்காலம் தொடங்கியதும் வயல் வரப்புகளிலும் தோட்டங்களிலும் வீட்டின் பின்புறத்து ஈர நிலத்திலும் தானாக முளைத்து வளரும் சிறு பூண்டு கீழாநெல்லி. உழவர்க்கு இது களையெடுப்பின்போது பிடுங்கி எறியப்படும் செடி. சித்த மருத்துவத்திலோ இது காமாலைக்கென்று தனியிடம் பெற்ற மூலிகை. கண்ணில் மஞ்சள் நிறம் தெரிந்தவுடன் தமிழகத்தின் பல ஊர்களில் முதலில் தேடப்படுவது இச்செடியே.

அந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா? ஆய்வகங்களிலும் நோயாளிகளிடத்திலும் நடந்த ஆய்வுகள் என்ன கூறுகின்றன? எந்த நிலையில் இதனைப் பயன்படுத்தலாம்? எந்த நிலையில் இதனை நம்பிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகும்? இவ்வினாக்களுக்குரிய விடைகளை இப்பக்கம் விளக்குகிறது.

செடியை அறிதல்

கீழாநெல்லியின் தாவரவியல் பெயர் ஃபைலாந்தஸ் அமாரஸ். 'அமாரஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கசப்பு என்பது பொருள். நாம் உண்ணும் பெருநெல்லியும் இதே ஃபைலாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்தது. பெருநெல்லி மரமாக வளர்வது. கீழாநெல்லி ஓராண்டுப் பூண்டாகப் பெரும்பாலும் இரண்டு அடி உயரத்திற்குள் நின்றுவிடுவது.

தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் மெல்லிய கிளைகளில் சிறு இலைகள் இரு வரிசையாக அமைந்திருக்கும். பார்ப்பதற்கு அக்கிளை புளிய இலையைப் போன்ற ஒரு கூட்டிலையாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு சிற்றிலையும் தனி இலையே. அவ்விலைகளின் கணுக்களில் பூக்கும் சிறு பூக்கள் காயாகிக் கிளையின் அடிப்புறத்தில் வரிசையாகத் தொங்கும். இவ்வாறு இலைக்குக் கீழே நெல்லிபோன்ற காய் இருப்பதால் 'கீழ்க்காய் நெல்லி' என்றும், அது மருவிக் 'கீழாநெல்லி' என்றும் பெயர் வழங்குகிறது. இரவில் இதன் இலைகள் மடிந்து கூம்பும்.

இதனையொத்த வேறு செடிகளும் ஒரே இடத்தில் கலந்து வளர்கின்றன. செந்நிறத் தண்டும் சொரசொரப்பான காயும் கொண்ட சிவப்புக் கீழாநெல்லி வேறு, மேலாநெல்லி வேறு. ஃபைலாந்தஸ் நிரூரி என்னும் பெயர் இந்தியக் கீழாநெல்லிக்கும் நெடுங்காலம் வழங்கிவந்தது. ஆனால் அப்பெயருக்குரிய செடி அமெரிக்க வெப்ப நாடுகளைச் சேர்ந்த தனி இனம் என்பதைத் தாவரவியலாளர்கள் பின்னர்த் தெளிவுபடுத்தினர். இந்தியாவில் அப்பெயரால் குறிக்கப்பட்டவை அமாரஸ் உள்ளிட்ட நெருங்கிய சில இனங்களே. இது வெறும் பெயர்ச் சிக்கல் அன்று. இனம் மாறினால் அதிலுள்ள வேதிப்பொருள்களின் அளவும் மாறும். ஒரு நாட்டில் ஓர் இனத்தைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவை வேறொரு நாட்டின் செடிக்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

சித்த மருத்துவத்தில் கீழாநெல்லி

சித்த மருத்துவம் கீழாநெல்லியைக் கைப்புச் சுவையும் குளிர்ச்சித் தன்மையும் உடைய மூலிகையாகக் கருதுகிறது. உடலில் அழல் மிகுவதால் தோன்றும் நோய்களில் இதற்குச் சிறப்பிடம் உண்டு. வேர், தண்டு, இலை, காய் ஆகியவற்றை உள்ளடக்கிய முழுச் செடியும் மருந்தாகப் பயன்படுகிறது.

மரபில் இதன் முக்கியப் பயன்பாடுகள் வருமாறு:

• காமாலை: முழுச் செடியையும் கழுவி விழுதாக அரைத்துப் பாலிலோ மோரிலோ கலந்து காலையில் வெறும் வயிற்றில் கொடுத்தல். இவ்விழுதைச் சித்த மருத்துவம் கற்கம் என்று வழங்கும்.
• சிறுநீர் எரிச்சல், நீர்ச்சுருக்கு: குடிநீராகக் காய்ச்சிக் கொடுத்தல்.
• சொறி, சிரங்கு போன்ற தோல் நோய்கள்: இலையை அரைத்து மேற்பூச்சாகப் பூசுதல்.
• உடற்சூடு, கண் எரிச்சல்: கீழாநெல்லித் தைலத்தைத் தலைக்குத் தேய்த்து முழுகுதல்.

ஆயுர்வேதத்தில் இம்மூலிகை பூம்யாமலகி, அதாவது நிலநெல்லி என்று வழங்கப்படுகிறது. அங்கும் கல்லீரல் நோய்களுக்கு இது பயன்படுகிறது. பிரேசில் நாட்டு மக்கள் நிரூரி இனத்தைக் 'கல் உடைப்பான்' என்னும் பொருளுடைய பெயரால் அழைத்துச் சிறுநீரகக் கல்லுக்குப் பயன்படுத்துகின்றனர். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாடுகளின் மக்கள் ஒரே குடும்பத்துச் செடிகளைக் கல்லீரலுக்கும் சிறுநீரகத்திற்கும் தேர்ந்திருப்பது ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

செடியில் உள்ள வேதிப்பொருள்கள்

கீழாநெல்லியின் கசப்புக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து ஃபைலாந்தின் என்று பெயரிட்ட ஆய்வை 1946ஆம் ஆண்டில் கிருஷ்ணமூர்த்தியும் வேதியியல் அறிஞர் டி. ஆர். சேஷாத்ரியும் வெளியிட்டனர். ஃபைலாந்தினும் அதனுடன் காணப்படும் ஹைப்போஃபைலாந்தினும் லிக்னான் வகையைச் சேர்ந்தவை. இவை தவிர ஜெரானின், கோரிலாஜின் போன்ற டானின்கள், குவெர்செட்டின் போன்ற ஃபிளேவனாய்டுகள், சில ஆல்கலாய்டுகள் ஆகியனவும் இச்செடியில் உள்ளன.

ஆய்வகத்தில் எலியின் கல்லீரல் செல்களைக் கார்பன் டெட்ராகுளோரைடு போன்ற நச்சுப் பொருள்களுக்கு உட்படுத்தியபோது, ஃபைலாந்தினும் ஹைப்போஃபைலாந்தினும் அச்செல்கள் சிதைவதைக் குறைத்தன. செடியின் சாறு வீக்கத்தையும் ஆக்சிஜனேற்றப் பாதிப்பையும் தணிப்பதாகவும் விலங்கு ஆய்வுகள் காட்டியுள்ளன. மரபு அறிவு தவறான திசையைக் காட்டவில்லை என்பதற்கு இவை சான்றுகள். ஆயினும் கண்ணாடிக் குடுவையிலும் எலியிலும் கிடைத்த பலன் மனித உடலிலும் அதே அளவில் கிடைக்கும் என்று கொள்ளுதல் கூடாது. வாய்வழியே உட்கொள்ளும் பொருள் குடலில் எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, கல்லீரலை எந்த அளவில் சென்றடைகிறது, அங்கு எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பன எல்லாம் தனித்தனியே அறியப்பட வேண்டியவை.

சென்னையில் நடந்த ஆய்வும் அதன் பின்விளைவும்

கீழாநெல்லியை உலக மருத்துவத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்தமைக்காக 1976ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிவியலாளர் பரூக் பிளம்பெர்க்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் ஆய்வாளர் எஸ். பி. தியாகராஜனும் இம்முயற்சியில் இணைந்தனர். கீழாநெல்லிச் சாறு இவ்வைரஸ் பெருகுவதற்குத் தேவையான நொதியைத் தடுப்பது முதலில் ஆய்வகத்தில் காணப்பட்டது. இவ்வைரஸை ஒத்த வேறொரு வைரஸால் பாதிக்கப்பட்ட வுட்சக் என்னும் அமெரிக்க விலங்கிடத்திலும் நல்ல பலன் தெரிந்ததாக 1987ஆம் ஆண்டில் அறிக்கை வெளியானது.

1988ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த சென்னை ஆய்வில், ஹெபடைடிஸ் பி வைரஸை நெடுநாள் உடலில் கொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் நாள்தோறும் மூன்று வேளை 30 நாள்கள் கொடுக்கப்பட்டது. மருந்து உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் பின்னர்க் காணப்படவில்லை. மருந்தற்ற வெற்றுப் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுள் ஆண்டுக்கு ஏறத்தாழ 100இல் ஒருவருக்கு மட்டுமே இப்புரதம் தானாக மறைவது இயல்பு. ஆதலால் இம்முடிவு உலகெங்கும் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது.

ஓர் ஆய்வின் முடிவு மற்றவர்கள் செய்து பார்க்கும்போதும் கிடைத்தால்தான் அது உறுதிப்பட்ட உண்மையாகும். 1990களின் முற்பகுதியில் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் இதே மூலிகையைக் கொண்டு ஆய்வுகள் நடத்தப்பட்டன. அவற்றில் சென்னையில் கண்ட பலன் கிட்டவில்லை. செடி வளர்ந்த மண், பறித்த பருவம், உலர்த்திய முறை, நோயாளிகள் வைரஸைப் பெற்ற வயது ஆகிய வேறுபாடுகள் காரணமாக இருக்கலாம் எனச் சிலர் கருதினர். கோக்ரேன் அமைப்பு 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பாய்வு, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு ஃபைலாந்தஸ் மூலிகைகளைப் பரிந்துரைக்கத்தக்க உறுதியான சான்று இல்லை என்று முடிவு கூறியது.

எனவே நீங்கள் அறிய வேண்டியது இது: கீழாநெல்லி ஆய்வுக்குரிய மதிப்புள்ள மூலிகை, ஆயினும் அது ஹெபடைடிஸ் பி நோயைக் குணப்படுத்தும் என்பது நிறுவப்படவில்லை. சிறுநீரகக் கல்லைப் பொறுத்தவரை, கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் திரள்வதை நிரூரி இனத்தின் சாறு குறைப்பதாக ஆய்வகச் சான்றுகள் உள்ளன. மனிதர்களிடத்தில் நடந்தவை சிறு ஆய்வுகளே. உருவாகிவிட்ட பெரிய கல்லை இது கரைத்துவிடும் என்று நம்பி வலியையும் காய்ச்சலையும் பொறுத்துக்கொண்டிருத்தல் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

'எனக்குக் குணமாயிற்றே' என்பது ஏன்?

கீழாநெல்லி உண்டு காமாலை நீங்கியவர்கள் உங்கள் ஊரிலேயே பலர் இருப்பர். அவர்கள் கூறுவது பொய்யன்று. காமாலையின் இயல்பை அறிந்தால் அதன் காரணம் விளங்கும்.

காமாலை என்பது நோயின் பெயரன்று, நோயின் அறிகுறி. இரத்தச் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்ந்து சிதைகின்றன. அப்போது உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருளைக் கல்லீரல் பித்தநீர் வழியாகக் குடலுக்கு வெளியேற்றுகிறது. இவ்வேலை எங்கு தடைப்பட்டாலும் பிலிரூபின் இரத்தத்தில் தேங்கிக் கண்ணையும் தோலையும் மஞ்சளாக்கும். தடை மூன்று இடங்களில் ஏற்படலாம்:

• சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிதல்: மலேரியா, சில பரம்பரை இரத்த நோய்கள் முதலியன.
• கல்லீரல் பாதிக்கப்படுதல்: ஹெபடைடிஸ் வைரஸ்கள், மது, சில மருந்துகள், நச்சுப் பொருள்கள், எலிக்காய்ச்சல் முதலியன.
• பித்தநீர்ப் பாதை அடைபடுதல்: பித்தக்கல், கணையப் புற்றுநோய், பித்தநாளப் புற்றுநோய் முதலியன.

நம் நாட்டில் மிகப் பரவலான காமாலை, மாசடைந்த நீராலும் உணவாலும் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ ஆகியவற்றால் உண்டாவது. இவ்விரண்டும் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாமாகவே நீங்குபவை. ஹெபடைடிஸ் பி வைரஸும் நல்ல உடல்நலமுள்ள பெரியவர்களை முதன்முறை தொற்றும்போது, அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் உடலிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அகன்றுவிடும். இக்காலத்தில் கீழாநெல்லி உண்டிருந்தால் அப்புகழ் கீழாநெல்லியைச் சேரும். வேறு மருந்து உண்டிருந்தால் அதனைச் சேரும். எதுவும் உண்ணாதிருந்தாலும் அவர் குணமடைந்திருப்பார். வெற்றுப் பொடி கொடுத்து ஒப்பிடும் ஆய்வு தேவைப்படுவது இதனாலேயே.

இடர் எங்கே இருக்கிறது என்றால், தாமாக நீங்கும் காமாலையும் உயிரைப் பறிக்கும் காமாலையும் முதல் நாளில் ஒன்றுபோலவே தோன்றும். கண்ணின் மஞ்சளைப் பார்த்து மட்டும் எவராலும் காரணத்தைக் கூற இயலாது. பித்தநாளம் அடைபட்ட ஒருவர் ஒரு மாதம் மூலிகை உண்டு பத்தியம் காத்திருப்பாரானால், அறுவை மருத்துவத்தால் நீக்கத்தக்க கட்டி அந்த எல்லையைக் கடந்துவிடலாம். எலிக்காய்ச்சலுக்கு நோய்க்கிருமிக் கொல்லி மருந்து தொடக்கத்திலேயே தரப்பட வேண்டும். ஆதலால் கீழாநெல்லியால் விளையும் தீங்கு பெரும்பாலும் அச்செடியில் இல்லை. அதனை நம்பி இழந்துவிடும் நாள்களில் இருக்கிறது.

எந்நிலையில் உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டும்?

காமாலை தோன்றிய எவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கீழ்க்காணும் நிலைகளில் ஒரு நாளும் காத்திருத்தல் கூடாது:

• பேச்சில் குழப்பம், பகலில் மிகுந்த உறக்கம், நடத்தையில் மாற்றம், கை நடுக்கம்.
• பல் ஈறு, மூக்கு, மலம், வாந்தி ஆகியவற்றில் இரத்தம், மலம் கருநிறமாதல்.
• தொடர்ந்த வாந்தி. உணவும் நீரும் வயிற்றில் தங்காமை.
• கடுங்காய்ச்சல், குளிர் நடுக்கம், வலது மேல்வயிற்றில் வலி.
• வயிறு வீங்குதல், கால் வீங்குதல், சிறுநீர் குறைதல்.
• மலம் சுண்ணாம்பு நிறத்தில் வெளுத்திருத்தல், உடல் முழுவதும் அரிப்பு, காரணமின்றி உடல் மெலிதல்.
• கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை. கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் இ தொற்றினால் உயிரிழப்பு 100இல் 20 முதல் 25 வரை இருக்கலாம்.
• பிறந்த 24 மணி நேரத்திற்குள் குழந்தைக்கு மஞ்சள் நிறம் தோன்றுதல். பின்னர்த் தோன்றினாலும் உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவுதல். குழந்தை பால் குடிக்காமை. பிலிரூபின் மிகுந்தால் குழந்தையின் மூளை நிலையாகப் பாதிக்கப்படும். ஒளிச் சிகிச்சையால் இதனைத் தடுக்க முடியும். பச்சிளங்குழந்தைக்கு எந்த மூலிகைச் சாற்றையும் புகட்டாதீர்கள்.
• எலிமருந்துப் பசையோ அளவுக்கு மீறிய பாராசிட்டமால் மாத்திரைகளோ உட்கொண்டிருத்தல். முதல் ஓரிரு நாள்கள் அறிகுறி எதுவும் இல்லாதிருக்கலாம். அக்காலத்திலேயே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். பாராசிட்டமால் நச்சுக்கு முறிமருந்து உண்டு. அது முதல் 8 மணி நேரத்திற்குள் தரப்படும்போது மிக நன்கு பயன்படும்.

அவசர நிலையில் 108 ஊர்தியை அழையுங்கள். மருத்துவ ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104 என்னும் எண்ணை அழைக்கலாம். தற்கொலை எண்ணத்தால் நஞ்சு உட்கொண்டவரை மருத்துவமனையில் சேர்த்த பின்னரும் தனித்து விடாதீர்கள். மனநல உதவிக்கு 14416 என்னும் எண் உள்ளது.

பயன்படுத்த விரும்பினால் கவனிக்க வேண்டியவை

காமாலைக்குக் காரணம் கண்டறியப்பட்டு, மருத்துவ மேற்பார்வையும் இருக்கும் நிலையில், துணை மருந்தாகக் கீழாநெல்லியை நீங்கள் விரும்பலாம். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் சித்த மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகளும், தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் உள்ளன. பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் உங்கள் பரிசோதனை முடிவுகளைக் காட்டி, அவர் கூறும் அளவிலும் கால வரையிலும் மட்டும் பயன்படுத்துங்கள்.

1. செடியைச் சாலையோரத்திலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள். களைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ தெளித்த வயலில் உள்ள செடி நஞ்சாகலாம். கழுவாத பச்சைச் செடியை மாசடைந்த நீர் விட்டு அரைத்தால், எந்த நோய்க்கு மருந்து தேடுகிறீர்களோ அந்நோயே மீண்டும் தொற்றலாம்.

2. செடியை உறுதியாக அடையாளம் காண இயலாவிடில் பறிக்க வேண்டா. பெயர் அச்சிடாத பொட்டலப் பொடிகளை வாங்காதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் மருந்தில் உரிம எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியன அச்சிடப்பட்டிருக்கும்.

3. நீரிழிவு மருந்து உண்பவர்கள் தாமாகக் கீழாநெல்லி உண்ணக்கூடாது. இது இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதாக விலங்கு ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீர் பெருக்கும் மருந்து, இரத்த அழுத்த மருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஆகியவற்றை உண்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

4. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்க்க வேண்டும். இவர்களுக்கு இது பாதுகாப்பானது என்பதற்குப் போதிய சான்று இல்லை.

5. ஹெபடைடிஸ் பி நோய்க்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகளை உண்பவர்கள் கீழாநெல்லியை நம்பி அவற்றை நிறுத்தவே கூடாது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரல் செயலிழக்க நேரலாம்.

6. உங்கள் மருத்துவரிடம் நீங்கள் உண்ணும் மூலிகையை மறைக்காதீர்கள். அலோபதி மருத்துவரிடம் நாட்டு மருந்தையும், நாட்டு மருத்துவரிடம் மாத்திரையையும் கூறாமல் விடுவதால்தான் பல சிக்கல்கள் நேர்கின்றன.

காமாலைக்கு மருந்து கொடுப்பதாகச் சொல்லிக் கண்ணிலோ மூக்கிலோ சாறு விடுதலும், கையில் சூடு போடுதலும் முற்றிலும் தவிர்க்கப்பட வேண்டியவை. கண்ணில் விடும் பச்சிலைச் சாற்றால் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வை பறிபோகலாம்.

பத்தியமும் உணவும்

காமாலை கண்டவருக்கு உப்பு, எண்ணெய், பருப்பு அனைத்தையும் நிறுத்திக் கஞ்சியும் இளநீரும் மட்டும் தரும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. பசியின்மையும் குமட்டலும் உள்ள நாள்களில் கொழுப்புக் குறைந்த எளிய உணவு நல்லதே. ஆனால் சேதமுற்ற கல்லீரல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மாவுச்சத்தும் புரதமும் தேவை. இட்லி, இடியாப்பம், பருப்புச் சாதம், மோர், பழங்கள் முதலியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுங்கள். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கே மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்வார். எல்லாருக்கும் உப்பை நிறுத்தல் சோர்வை மிகுவிக்கும். மதுவை அறவே விடுக. வலிநிவாரணி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் உண்ணாதீர்கள்.

வருமுன் காத்தல்

கல்லீரலைக் காக்கும் வழிகளுள் ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டவை சில உள்ளன. அவை பெரும்பாலும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைப்பவை.

• ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் முதல் தவணை, அதன்பின் 6, 10, 14 ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியின் பகுதியாக. பிறக்கும்போது இவ்வைரஸ் தொற்றிய குழந்தைகளுள் 10இல் 9 பேருக்கு நோய் நாள்படத் தங்கி, பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்திற்கும் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். அதனால்தான் முதல் நாள் தவணை இன்றியமையாதது.
• கருவுற்ற ஒவ்வொருவரும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ளுதல். தாய்க்குத் தொற்று இருப்பது தெரிந்தால் குழந்தையைக் காக்க வழியுண்டு.
• கொதிக்க வைத்து ஆறிய நீரைப் பருகுதல். கழிப்பறை சென்ற பின்னும் உண்ணும் முன்னும் சோப்பால் கை கழுவுதல். ஏ, இ வகைக் காமாலைகளை இவை தடுக்கும்.
• ஒருவர் பயன்படுத்திய ஊசி, சவரத் தகடு ஆகியவற்றை மற்றவர் பயன்படுத்தாமை. பச்சை குத்துமிடத்திலும் புதிய ஊசியைக் கேளுங்கள்.
• மதுவைத் தவிர்த்தல். உடல் எடையையும் நீரிழிவையும் கட்டுப்பாட்டில் வைத்தல்.

2018ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று மத்திய அரசு தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்குரிய பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக அளிக்கப்படுகின்றன. ஹெபடைடிஸ் சி நோயை 12 வார மாத்திரைகளாலேயே பெரும்பாலோர்க்கு முற்றிலும் குணப்படுத்த முடியும். சிலருக்கு 24 வாரங்கள் தேவைப்படலாம். ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுவது, கீழாநெல்லி ஆய்விலும் பங்குகொண்ட பிளம்பெர்க்கின் பிறந்த நாள் அது என்பதாலேயே.

அடிக்கடி எழும் ஐயங்கள்

வீட்டில் ஒருவருக்குக் காமாலை. மற்றவர்களும் முன்னெச்சரிக்கையாகக் கீழாநெல்லி உண்ணலாமா?
அவ்வாறு உண்பதால் தொற்று தடுக்கப்படும் என்பதற்குச் சான்று இல்லை. நோயாளிக்கு வந்தது எவ்வகை ஹெபடைடிஸ் என்பதை அறிந்து, அதற்கேற்ப நீரைக் காய்ச்சிப் பருகுதல், கை கழுவுதல், தடுப்பூசி ஆகியவற்றை மேற்கொள்ளுங்கள்.

பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி உள்ளது எனத் தெரிந்தது. ஆனால் எனக்கு எந்தத் தொல்லையும் இல்லை. மருந்து வேண்டுமா?
அனைவருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. வைரஸின் அளவு, கல்லீரலின் நிலை ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் முடிவு செய்வார். தொல்லை இல்லாவிட்டாலும் அவர் கூறும் கால இடைவெளியில் பரிசோதனைக்குச் செல்வது வாழ்நாள் முழுவதும் தேவை. குடும்பத்தினரும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கீழாநெல்லி உண்ட பின் கண்ணின் மஞ்சள் குறைந்துவிட்டது. பரிசோதனையை விட்டுவிடலாமா?
விடக்கூடாது. கண்ணின் நிறம் தெளிந்த பின்னரும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் அறிகுறியின்றி உடலில் தங்கிக் கல்லீரலை ஆண்டுக்கணக்கில் அரிக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையே அதனைக் காட்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

கீழாநெல்லி நம் மரபு நமக்கு அளித்த மதிக்கத்தக்க மூலிகை. அதன் வேதிப்பொருள்கள் கல்லீரல் செல்களைக் காப்பது ஆய்வகத்தில் காணப்பட்டது. ஹெபடைடிஸ் பி நோயைக் குணப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பைப் பின்னர் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. காமாலைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில தாமாக நீங்கும், சில விரைந்த மருத்துவத்தை வேண்டும். எது எது என்பதை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேன் பரிசோதனையுமே பிரித்துக் காட்டும். ஆகவே கண்ணில் மஞ்சள் தெரிந்தால், செடியைத் தேடிச் செல்லும் முன் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்லுங்கள். காரணம் தெரிந்த பின் எந்த மருந்து, எவ்வளவு காலம் என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்யுங்கள்.